சக்கரத்துக் காற்று

தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் வண்டிச் சக்கரத்துக்குள் அடைபடும் காற்றைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தால் ஆசிரிய நண்பர்கள் நகைக்கக்கூடும். பட்டறைக்காரர் எழுத வேண்டியதைப் பள்ளிக்கூடத்துக்காரர் எழுதுவானேன் என்று கேட்கவுங்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆயினும் நம்மில் எத்தனை பேர் போட்டிக்கும் விளையாட்டுக்கும் மருத்துவமனைக்கும் பிள்ளைகளை நம் சொந்த வண்டியில் ஏற்றிச் செல்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால், இது பள்ளிக்கூடத்துக்கு முற்றிலும் புறம்பான செய்தி அன்று என்பது விளங்கும். மற்றொரு காரணமும் உண்டு. என் பணிக்காலத்தில் நான் கையெழுத்திட்டு அனுப்பிய அறிக்கைகளுள் ஒன்று முழு உண்மையாக இல்லை. அது ஒரு சக்கரத்தின் காற்றைப் பற்றியது. பணி ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ள நிலையில் அதை எழுதி வைத்துவிட விரும்புகிறேன்.

என் தந்தையார் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நாலரை மணிக்குப் பெரட்டுக்குப் புறப்படுமுன் லயத்து வாசலில் நிற்கும் மிதிவண்டியின் இரு சக்கரங்களையும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். விரல் சற்றே அமிழ்ந்தால் போதும் என்பது அவர் கணக்கு. அமிழவே இல்லையெனில், “கல்லு மாதிரி இருக்கு, வேர்ல மோதினா வெடிச்சிடும்” என்று கொஞ்சம் காற்றை இறக்குவார். அதிகம் அமிழ்ந்தால், சுவரோரம் சாத்தியிருக்கும் பம்பை எடுத்துவரச் சொல்வார். பம்பு அடிக்கும் வேலை என்னுடையது. இருட்டில் அந்தப் பம்பின் மூச்சு எனக்கு இன்றும் கேட்கிறது. பின்னால் இருபுறமும் பால்வாளிகளைக் கட்டிக்கொண்டு, மரவேர்கள் குறுக்கே ஓடும் ஒற்றையடிப் பாதையில் பல்லாண்டு ஓட்டிய அந்த மனிதர், சக்கரம் கிழிந்து நிரையில் நின்றதாக எனக்கு நினைவே இல்லை.

அவர் மங்கில் சேர்த்த பால்தான் எங்கோ ஒரு தொழிற்சாலையில் டயராகிறது என்பதை நான் தொடக்கப் பள்ளியில் படித்தேன். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளுள் சில எங்கள் தோட்டத்துக்கு அருகிலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டவை. காற்றடைத்த சக்கரத்துக்கு ராபர்ட் தாம்சன் என்பார் 1845ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தும் உலகம் அதை மறந்துவிட்டது. 1888இல் பெல்பாஸ்டு நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டுமென்று ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துக் கட்டினார். அதன் பிறகே நம் மக்களைக் கப்பலேற்றி இங்குக் கொண்டுவந்த பெருந்தோட்டங்கள் பெருகின. ஒரு பிள்ளையின் வண்டி குலுங்கக் கூடாதென்று தொடங்கிய பொருள் அது என்பதை, பின்னால் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் நான் எண்ணிக்கொள்வேன்.

ஆசிரியர் பயிற்சியை முடித்து 1991இல் நான் பணியேற்ற பள்ளியும் ஒரு தோட்டப் பள்ளிதான். நெடுஞ்சாலையிலிருந்து ஏழு கிலோமீட்டர் செம்மண் சடக்கில் உள்ளே போக வேண்டும். மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் புழுதி. எல்லாக் காலத்திலும் கல். கடன் பட்டு வாங்கிய பழைய மகிழுந்து அந்தச் சடக்கில் பல் கழலக் குலுங்கும். தோட்டத்துக் கிராணியார் ஒருவர், மிக நல்ல மனிதர், “காத்தைக் கொஞ்சம் இறக்கிடுங்க சார், மெத்தை மாதிரி போகும்” என்று சொல்லித் தந்தார். இறக்கினேன். மெத்தை மாதிரிதான் போயிற்று. தந்தையார் வழியில் கட்டைவிரலால் அழுத்தியும் பார்த்துக்கொண்டேன். சரியாக இருப்பதாகவே விரல் சொல்லிற்று.

கிராணியார் சொன்னதில் தவறில்லை. மணலிலும் சேற்றிலும் மெதுவாகச் செல்லும்போது காற்றைக் குறைத்தால் சக்கரம் அகன்று பதியும், கூர்ங்கற்களின்மேல் வளைந்து கொடுக்கும். ஆனால் தார்ச்சாலைக்கு வந்து வேகமெடுக்குமுன் இறக்கிய காற்றை மீண்டும் ஏற்றிவிட வேண்டும். அதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டைவிரலின் தீர்ப்போ மிதிவண்டிக்குத்தான் செல்லும். மகிழுந்தின் டயர் தன் கட்டமைப்பினாலேயே விறைப்பானது. உள்ளே பாதிக் காற்று இருந்தாலும் விரலுக்கு அது கெட்டியாகவே தெரியும். போதாக்குறைக்கு, இன்றைய டயர்களின் பக்கச்சுவர் சரியான காற்று இருக்கும்போதே சற்றுப் பிதுங்கித்தான் நிற்கும். கண்ணும் அங்கே ஏமாறும்.

1997ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை, ஈப்போவில் மாநில அளவிலான பேச்சுப்போட்டி. எங்கள் பள்ளியிலிருந்து மாநில நிலைக்குத் தேர்வான முதல் மாணவன் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன். மரம் வெட்டுபவரின் மகன். குரல் கணீரென்றிருக்கும். அவனுடன், கண்டு வரட்டும் என்று, மேலும் நான்கு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டேன். ஐவர் அமரும் வண்டியில் அறுவர். பின்பெட்டியில் நூலகத்துக்கென்று ஈப்போவில் கட்டமைக்கக் கொடுக்க வேண்டிய பழைய புத்தகங்கள் இரண்டு பெட்டி. முன்னிருக்கையில் பேச்சாளனை அமர்த்தினேன். வழியெல்லாம் அவன் உரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வரவேண்டும் என்பது என் திட்டம். இடுப்பு வாரை அணியச் சொன்னேனா என்பது எனக்கு நினைவில்லை என்று நெடுங்காலம் சொல்லிவந்தேன். சொல்லவில்லை என்பதே உண்மை.

இரவு முழுவதும் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சுங்கை சிப்புட்டைக் கடந்த பின் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று முன்னே சென்றது. எழுபது கிலோமீட்டர் வேகம் இருக்கும். லாரி சற்று விலகவும், சாலையின் இடவோரத்தில் கையகலத் தேக்கநீர் போலக் கிடந்தது ஒன்று என் கண்ணில் பட்டது. தண்ணீர் நிரம்பிய குழிக்கு ஆழம் தெரியாது. தடையை மிதித்தேன். அதுவும் பிழை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தடையை மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரங்களின்மேல் சாய்கிறது. குழிக்கு முன்பே மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, குழியில் இறங்கும் கணத்தில் காலை எடுத்துவிட வேண்டும். நான் குழிக்குள்ளேயே மிதித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுள் ஒருத்தி “அம்மா” என்றாள். இரும்பில் இரும்பு மோதியதுபோல ஓர் ஓசை. வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு, புல்லோரத்தில் சறுக்கி, கால்வாய் விளிம்பில் முட்டி நின்றது.

பின்னாலிருந்தவர்களுக்குச் சிராய்ப்பு மட்டுமே. முன்னிருந்தவன் இரண்டு கைகளையும் நீட்டித் தடுத்துக்கொண்டான். வலக்கையின் மணிக்கட்டு முறிந்தது. முகம் வெளுத்துப்போயிற்று, அழவில்லை. “சார், போட்டி எத்தனை மணிக்கு?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாலையில் மருத்துவமனைக்கு அவன் பெற்றோர் வந்தார்கள். தந்தை சுவரோரம் நின்றார். தாய் என் கைகளைப் பிடித்துக்கொண்டு, “சாமி மாதிரி வந்து புள்ளைய உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தீங்க சார்” என்றார். நான் தலையசைத்தேன்.

மறுநாள் டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதான சீனர். கிழிந்த டயரைச் சக்கரவளையத்திலிருந்து பிரித்தெடுத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி முழங்காலால் அழுத்திப் பிடித்தார். பக்கச்சுவரில் ஒரு நீண்ட கிழிசல். அதற்கு நேராக, நான்கு விரல் இடைவெளியில், வளையத்தை ஒட்டி இன்னொரு கிழிசல். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தன. வளையத்தின் விளிம்பும் அதே இடத்தில் நசுங்கியிருந்தது. குழியின் விளிம்பு ஒரு பல், வளையத்தின் விளிம்பு மறு பல், நடுவில் டயர் என்று தம் இரு கைகளாலும் கடித்துக் காட்டினார். பிறகு ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று, நல்ல நிலையில் இருந்த மற்ற மூன்று சக்கரங்களிலும் அழுத்தமானியை வைத்துப் பார்த்தார். 19, 21, 18. “ஆங்கின் குராங், சிக்கு” என்றார். காற்று குறைவு, ஆசிரியரே. அவ்வளவுதான். குற்றஞ்சாட்டும் குரலில்லை. நான்காம் பெருக்கல் வாய்பாட்டைத் தவறாகச் சொன்ன பிள்ளையிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருந்த சிறு தாளைச் சுட்டினார். ஆளில்லாதபோது 28 பவுண்டு. ஆளும் பொதியும் நிறைந்தபோது 32. நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன். வினாவை இருமுறை படித்துவிட்டு விடை எழுதுங்கள் என்று பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்கிறவன், அந்தத் தாளை ஒருமுறையும் படித்ததில்லை.

அன்றிரவு அறிக்கை எழுதினேன். மூன்று படிகள், மலாய்மொழியில். காரணம் என்ற பகுதியில் ‘ஜாலான் பெர்லுபாங்’ என்று எழுதினேன். குழி விழுந்த சாலை. அதில் பொய்யென்று ஒரு சொல்லும் இல்லை. குழி இருந்தது. அதே குழியை அன்று காலை என் முன்னே சென்ற லாரியும் பின்னே வந்த எத்தனையோ வண்டிகளும் கடந்து போயின என்பதையும், என் சக்கரத்தில் வேண்டிய காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லாதிருந்தது என்பதையும், ஐவர் வண்டியில் அறுவர் இருந்தோம் என்பதையும் எழுதவில்லை. அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சிறிது காலம் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

காற்று குறைந்தால் ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். வண்டியைத் தாங்குவது ரப்பர் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் பெரும்பாலும் தாங்குவது உள்ளிருக்கும் காற்றே. ரப்பரும் அதனுள் பின்னிய நூல்களும் அந்தக் காற்றை அடைத்து வைக்கும் பை. ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்தின் பங்கு ஏறத்தாழ 250 கிலோ. காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அளவில் இருந்தால், ஏறக்குறைய 125 சதுர சென்டிமீட்டர் பரப்பு தரையில் பதிந்து அந்தப் பாரத்தைச் சுமக்கும். ஓர் அஞ்சலட்டையை விடச் சிறிய இடம். நம் உயிர் நான்கு அஞ்சலட்டைகளின்மேல் ஓடுகிறது. குழியின் விளிம்பில் சக்கரம் மோதும்போது டயர் அமுங்கி, உள்ளிருக்கும் காற்று வில்லைப்போல் எதிர்த்து நிற்க வேண்டும். காற்று போதாதபோது எதிர்ப்பு வலுப்பெறுமுன்பே அமுங்குவதற்கான இடம் தீர்ந்துபோகிறது. வளையம் டயரின் உள்பக்கத்தையே வந்து இடிக்கிறது. நடுவில் அகப்பட்ட நூல்கள் அறுகின்றன. சில வேளை உடனே கிழியும். சில வேளை ஒன்றும் நிகழாததுபோல் வண்டி ஓடும். சில நாள் கழித்துப் பக்கச்சுவரில் கோழிமுட்டை அளவில் ஒரு புடைப்பு தோன்றும். உள்ளே நூல் அறுந்த இடத்தில் வெறும் ரப்பரைக் காற்று தள்ளிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். அந்தப் புடைப்பை ஒட்டுப்போட்டுத் திருத்த முடியாது. டயரை மாற்றத்தான் வேண்டும்.

குழி இல்லாத நல்ல சாலையிலும் காற்றுக் குறைவு தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் டயர் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. மடங்கும் ரப்பர் சூடேறும். நெடுந்தொலைவு, மிகுந்த பாரம், உச்சி வெயில் மூன்றும் சேர்ந்தால் அடுக்குகள் விட்டுப் பிரியக்கூடும். நெடுஞ்சாலையோரத்தில் உரித்த பாம்புத்தோல்போல் கிடக்கும் டயர்ப்பட்டைகளைக் காணாதவர் இல்லை. அவற்றுள் பலவற்றின் வரலாறு இதுவே.

இனி என் இரண்டாம் பிழை. இருபதால் கெட்டது நாற்பதால் காக்கப்படும் என்று முடிவு செய்தேன். டயரின் பக்கச்சுவரில் 44 என்று ஒரு எண் பொறித்திருந்தது; அதுவே தயாரித்தவர் விரும்பும் அளவு என்று கருதி, நாற்பதுக்குக் குறையாமல் அடித்துக்கொண்டு திரிந்தேன். அந்த எண் டயர் தாங்கக்கூடிய உச்ச எல்லை. இந்த வண்டிக்கு இவ்வளவு வேண்டும் என்பதை அது சொல்லவே இல்லை. வண்டியின் எடை, சக்கரங்களிடையே அது பிரியும் விதம், டயரின் அளவு ஆகியவற்றைக் கணக்கிட்டு வண்டியைச் செய்தவர் ஒட்டுவது கதவுத் தாள். அதிகக் காற்றடைத்த டயர் நடுவில் பிதுங்கி, அந்த நடுப்பகுதியாலேயே தரையைத் தொடும். கூரிய கல்லொன்று எதிர்ப்பட்டால் வளைந்து அணைத்துக்கொள்ளாது. விறைத்துக்கொண்டு அதன்மேல் ஏறும். பாரமெல்லாம் ஒரு முனையில் குவியும். அப்போது ரப்பர் வெட்டுப்படுகிறது. அடுத்த ஆண்டில் புதிதாகக் கருங்கற்சல்லி கொட்டிய எங்கள் தோட்டச் சடக்கில் அதுதான் நடந்தது. முன்சக்கரத்தின் நடுவில், உளி வைத்துப் பிளந்ததுபோல் ஒரு வெட்டு. அந்த முறை வண்டியில் நான் மட்டுமே இருந்தேன்.

மீண்டும் அதே கடைக்காரர். அழுத்தமானியை வைத்துப் பார்த்துவிட்டு இம்முறை சிரித்தார். என் தந்தையார் இருட்டில் “கல்லு மாதிரி இருக்கு” என்று காற்றை இறக்கியது அப்போது நினைவுக்கு வந்தது. அவர் இரு பக்கமும் அறிந்திருந்தார். கல்லூரிப் படிப்புப் படித்த நான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்காரர் எவர்க்கும் இவ்விடத்தில் ஓர் உவமை எழும். 1988இல் தொடங்கி 2021இல் நீக்கப்பட்ட ஆறாம் ஆண்டுத் தேர்வின் காலத்தில் நாங்கள் பிள்ளைகளுக்கு அடித்த காற்று எத்தனை பவுண்டு என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் பிள்ளைகளின் முதுகில் ஒட்டப்பட்ட தாள் எதுவும் இல்லை. ஆகவே உவமையை இதற்குமேல் இழுக்க நான் விரும்பவில்லை.

கதவுத் தாளை அப்படியே வேதமாகக் கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கலாம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் டயரின் மேற்பட்டை உரிந்து வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்தனர். வண்டி செய்தவர் 26 பவுண்டு என்று தாளில் எழுதியிருந்தார். டயர் செய்தவரோ 30 வேண்டும் என்றார். ஒருவரையொருவர் குறைகூறிப் பிரிந்தனர். அதே ஆண்டில் அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாகவே, காற்று குறைந்தால் முகப்பில் விளக்கெரியும் கருவி அங்குப் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் பல வண்டிகளில் இப்போது அது உண்டு. என்றாலும் அந்நாட்டு விதிப்படி, தாளிலுள்ள அளவில் கால் பங்கு குறைந்த பிறகு விளக்கெரிந்தால் போதும். 32 வேண்டிய இடத்தில் 24 ஆகும்வரை விளக்கு வாய் திறவாது. தாளை நம்பலாம், அந்தத் தாளில் உள்ளது குறைந்த எல்லை என்று கொண்டு, அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நன்று. ஓரிரு பவுண்டு மிகுந்தால் கேடில்லை.

எப்போது அளப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தாளிலுள்ள எண், குளிர்ந்த டயருக்கு உரியது. மூன்று மணி நேரமாவது ஓடாமல் நிற்க வேண்டும். ஓடிய டயரில் அழுத்தம் நான்கைந்து பவுண்டு ஏறிக் காட்டும். பார்ப்பவர், அதிகமாகிவிட்டதே என்று இறக்கிவிடுவார். டயர் குளிர்ந்ததும் குறைவாகிவிடும். என் பள்ளி ஆசிரியர்களிடம் நான் சொல்வது இதுதான்: அழுத்தமானி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காலையில் வண்டியை எடுக்குமுன் வீட்டு வாசலிலேயே அளந்து, எவ்வளவு குறைகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நிலையத்துக்குப் போனபின் அந்தக் குறையை மட்டும் கூட்டுங்கள். வீட்டில் 180 கிலோபாஸ்கல் இருந்தது, வேண்டியது 220 என்றால், குறை 40. நிலையத்தில் சூடேறிய டயர் 195 காட்டினால் 235க்கு ஏற்ற வேண்டும். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது கணித ஆசிரியை ஒருவர், இது மூன்றாம் ஆண்டுக் கழித்தல்தானே என்றார். ஆம், அவ்வளவே. மாதத்துக்கு ஒரு பவுண்டு தானாகவே கசிந்து போவது இயல்பு. ஆகவே மாதம் ஒருமுறையும், நெடும்பயணத்துக்கு முன் ஒருமுறையும் பார்க்க வேண்டும். பின்பெட்டியில் மறந்து கிடக்கும் மாற்றுச் சக்கரத்தையும் பார்க்க வேண்டும். மெலிந்த வகை மாற்றுச் சக்கரமானால் அதற்கு 60 பவுண்டு வரை தேவைப்படும் என்பது பலர்க்குத் தெரிவதில்லை.

இளைஞர்கள் அழகுக்காகப் பெரிய வளையமும் ஒல்லியான டயரும் மாட்டிக்கொள்கிறார்கள். பக்கச்சுவர் குட்டையாக இருப்பதால் அமுங்குவதற்கான இடமே அவற்றில் குறைவு. நம் சாலைகளுக்கு அது பொருந்துமா என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். நானும் அதிகம் சொல்வதில்லை. சொல்லும் தகுதியைப் பற்றி எனக்கே ஐயம் உண்டு.

பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் நாளில் ஆசிரியர்கள் நான்கு சக்கரத்தின் காற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது என் பள்ளியில் வழக்கம். அலுவலகம் கேட்காத குறிப்பேடு. ஏன் இந்தக் கெடுபிடி என்று சிலர் தமக்குள் பேசிக்கொள்வது என் காதுக்கு வந்ததுண்டு. நான் காரணம் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு முதலாம் ஆண்டுப் பதிவுக்காகத் தன் மகளுடன் ஒருவர் என் அறைக்கு வந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்கவர். ஜொகூருக்கும் ஈப்போவுக்குமிடையே இழுவை லாரி ஓட்டுவதாகப் பாரத்தில் எழுதியிருந்தார். எழுதிய கையின் மணிக்கட்டு ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருந்தது. பெயரைப் பார்க்குமுன் கையைப் பார்த்துத்தான் அறிந்தேன். அவரும் என்னை அறிந்துகொண்டார். எழுந்து வணங்கினார். தந்தை இறந்துவிட்டதையும், தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டுவிட்டதையும், பள்ளி பட்டணத்துக்கு மாறிவிட்டதையும் சொன்னார். அந்த உரையின் முதற்பத்தி இன்னும் மனப்பாடமாக இருக்கிறது என்று மகளைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தார்.

நான் எழுந்து அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன். அறிக்கையில் எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் சொன்னேன். அவர் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்ட அந்த மாலையில் நான் தலையசைத்ததையும் சொன்னேன். சிறுமி மேசைமேலிருந்த உலகவுருண்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தொழில் தெரிந்தவன் தொழிலைப் பற்றிக் கேட்கும் குரலில், “எவ்வளவு காத்து சார் வச்சிருந்தீங்க?” என்றார்.

“இருபதுக்குள்ளேதான் இருந்திருக்கும். அன்றைக்கு நான் பார்க்கவில்லை.”

“எத்தனை பேரு ஏறியிருந்தோம், ஆறு பேரா?”

“ஆறு பேர். பின்னால் இரண்டு பெட்டிப் புத்தகம்.”

மெல்லத் தலையசைத்தார். மனத்துக்குள் ஏதோ கணக்குப் போடுபவர்போல் இருந்தது. பிறகு பாரத்தைத் தம் பக்கம் இழுத்து, அடுத்த பக்கத்தைப் புரட்டி, “இந்த எடத்துல யார் கையெழுத்து சார் போடணும், நானா அவங்க அம்மாவா?” என்று கேட்டார்.